உறங்காத காவல்

அர்த்தஜாம பூஜை நிறைவுற்றுப் பள்ளியறைக் கதவு சாத்தப்பட்டதும், பல சிவாலயங்களில் ஒரு வழக்கம் இன்றும் தவறாமல் நடைபெறுகிறது. திருக்கோயிலின் சாவிகளைப் பைரவர் சந்நிதியில் வைத்து வணங்கிய பின்னரே அர்ச்சகர் வீடு திரும்புவார். வடகிழக்கு மூலையில் நாய் வாகனத்தோடு நின்ற திருக்கோலத்தில் விளங்கும் அந்த க்ஷேத்திரபாலர், பொழுது விடியும்வரை ஆலயத்தையும் ஊரையும் காத்து நிற்கிறார் என்பது அடியார்களின் நம்பிக்கை. மற்ற வாகனங்களெல்லாம் சுவாமியைச் சுமக்கும் பேறு பெற்றவை. பைரவரின் நாயோ பெரும்பாலான திருவுருவங்களில் சுமப்பதில்லை, உடன் நிற்கிறது, விழித்திருக்கிறது.

அந்த வாகனத்தின் பொருளை ஊரடங்கிய நள்ளிரவில் கண்முன்னே காண வேண்டுமானால், வடக்கே இமயமலைச் சாரலுக்குச் செல்ல வேண்டும். இமாசலப் பிரதேசத்தின் சம்பா மாவட்டத்தில், மணிமகேசக் கயிலாயத்தின் அடிவாரத்தில், நூற்றுக்கணக்கான ஆடுகளைக் கிடை மடக்கிவிட்டு, நெருப்பின் அருகே கம்பளி போர்த்து அமர்ந்திருக்கும் இடையர்களை அங்கே காணலாம். அவர்களைச் சுற்றி, கழுத்தில் இரும்பு முட்கள் பதித்த பட்டையோடு, கரிய பெரிய நாய்கள் இருளை நோக்கிக் காதுகளை நிமிர்த்தியிருக்கும். மலைச்சரிவில் எங்கோ ஒரு சிறுத்தை நடமாடுகிறது என்பது அந்த நாய்களுக்கும் தெரியும், இடையருக்கும் தெரியும். துப்பாக்கியும் மின்வேலியும் இன்றி, தலைமுறை தலைமுறையாக அவர்கள் தம் மந்தையைக் காத்துவரும் முறை, காவல் என்னும் சொல்லுக்கே ஒரு விளக்கவுரை போல் அமைந்திருக்கிறது.

பரமேசுவரனின் இடையர்கள்

அந்த இடையர் இனத்தாரைக் கத்தியர் என்பர். (முதலெழுத்தையும் தகரத்தையும் மென்மையாக ஒலிக்க வேண்டும், வெட்டும் கத்திக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை.) இவர்களுடைய தலைமை ஊர் பர்மௌர். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் உள்ள இவ்வூருக்குப் பழங்காலத்தில் பிரம்மபுரம் என்று பெயர். பத்தாம் நூற்றாண்டில் சாகில வர்மன் என்னும் மன்னன் சம்பா நகரை அமைத்துத் தலைநகரை அங்கே மாற்றும்வரை, அந்நாட்டு அரசர்களின் தலைநகராக விளங்கியது இவ்வூரே. ஊரின் நடுவே 'சௌராசி' எனப்படும் ஆலய வளாகம் உள்ளது. சௌராசி என்றால் எண்பத்து நான்கு; 84 சித்தர்கள் இங்கே தங்கிச் சென்றதாகத் தல வரலாறு. மணிமகேசுவரர் ஆலயமும், அதன் எதிரே பித்தளையில் வார்க்கப்பட்ட ஆளுயர நந்தியும், மரச் சிற்பங்கள் நிறைந்த லட்சணா தேவி ஆலயமும் ஏழாம் நூற்றாண்டில் மேருவர்மன் காலத்தில் தோன்றியவை எனப் போற்றப்படுகின்றன.

கத்தியர் சிவபெருமானைத் தம் குடும்பத்தின் மூத்தவராகவே கருதுகின்றனர். வீட்டில் நற்காரியம் நடந்தாலும், வேண்டுதல் நிறைவேறினாலும், 'நுவாலா' என்னும் சிவ வழிபாட்டை நடத்துவர். இரவு முழுவதும் உறங்காமல் சிவன் புகழைப் பாடுவதே அதன் சிறப்பு. நமக்கு ஆண்டுக்கு ஒரு சிவராத்திரி. ஆடு மேய்க்கும் கத்தியருக்கோ, கண்விழிக்கும் இரவுகளுக்குக் கணக்கே இல்லை.

தமிழ்நாட்டு அன்பர்கள் கேட்டு மகிழத்தக்க செய்தி ஒன்றும் உண்டு. பர்மௌருக்கு அப்பால், மலையின் மடியில் குக்தி என்னும் சிற்றூர் இருக்கிறது. அங்கே இடையர்கள் 'கேலங் வஜீர்' என்று அழைத்து வணங்கும் தெய்வம், கார்த்திக் சுவாமியாகிய நம் முருகப்பெருமானே. சிவபெருமான் அரசர், மைந்தர் கார்த்திகேயர் அவருடைய அமைச்சர் என்னும் பொருளில் 'வஜீர்' என்ற பட்டம். நவம்பர் மாத இறுதியில் இவ்வாலயத்தின் கதவுகள் மூடப்படும்; வைசாகி நாளில், அதாவது ஏறக்குறைய நம் சித்திரைப் பிறப்பின்போது, மீண்டும் திறக்கப்படும். மூடும்போது கருவறையில் ஒரு கலசத்தில் நீர் நிரப்பி வைப்பார்கள். திறக்கும்போது நீர் நிறைந்திருந்தால் அவ்வாண்டு நல்ல மழை. வற்றியிருந்தால் வறட்சி என்று கணிப்பர். கோடையில் ஏறத்தாழ 5,000 மீட்டர் உயரமுள்ள குக்திக் கணவாயைக் கடந்து லாகுல் பள்ளத்தாக்குக்கு ஆடுகளை ஓட்டிச் செல்லும் இடையர்கள், இந்தக் கார்த்திக் சுவாமியை வணங்காமல் மலையேறுவதில்லை. குறிஞ்சி நிலக் கடவுளிடம் முல்லை நிலத்தார் தம் மந்தையை ஒப்படைக்கும் காட்சி அது.

பகை எத்தனை!

கத்தியரின் வாழ்க்கை ஓயாத நடை. குளிர்காலத்தில் காங்ரா மாவட்டத்தின் தாழ்ந்த குன்றுகளில் மேய்ச்சல். வசந்தத்தில் தௌலாதார் மலைத்தொடரின் கணவாய்களைக் கடந்து சம்பா பகுதிக்கு ஏற்றம். கோடையிலும் மழைக்காலத்திலும் லாகுல் முதலிய உயர்ந்த புல்வெளிகள். பனி விழத் தொடங்கியதும் மீண்டும் இறக்கம். இவர்கள் கடக்கும் இந்திரஹார் என்னும் கணவாய் மட்டுமே 4,300 மீட்டருக்கு மேற்பட்ட உயரம் உடையது.

இந்த நெடும்பயணத்தில் ஒவ்வோர் உயரத்துக்கும் ஒவ்வொரு பகை உண்டு. தாழ்ந்த காடுகளில் சிறுத்தை. தேவதாரு மரங்கள் அடர்ந்த நடுமலையில் கருங்கரடி. மரங்கள் நின்றுபோய்ப் புல்லே மிஞ்சும் மேல்மலையில் பழுப்புக் கரடியும் பனிச்சிறுத்தையும். லாகுலின் வறண்ட வெளிகளில் ஓநாய். இவற்றுள் பூனை இனத்தைச் சேர்ந்தவை கிடைக்குள் புகுந்துவிட்டால், பசிக்கு ஒன்றை எடுத்துச் செல்வதோடு நிற்பதில்லை. அடைபட்ட ஆடுகள் மிரண்டு ஓடும் பதற்றத்தில், எட்டியவற்றையெல்லாம் கடித்துப் போடுவதும் உண்டு. ஓர் இரவு கண்ணயர்ந்தால் ஓராண்டுச் சேமிப்பு போய்விடும். அதுமட்டுமன்று, மந்தையில் உள்ள ஆடுகள் அனைத்தும் ஒருவருக்கே உரியவை அல்ல. உறவினர், அண்டை வீட்டார், மலையேற இயலாத முதியோர் எனப் பலருடைய ஆடுகளும் ஒரே மந்தையில் சேர்ந்து செல்லும். 'புஹால்' எனப்படும் கூலி இடையரும் உடன் செல்வார். பிறர் உடைமையை நம்பிக்கையின் பேரில் ஏற்றவனுடைய இரவு, தன் உடைமையை மட்டும் காப்பவனுடைய இரவைவிட நீளமானது.

கிடை மடக்கும் கலை

காவலின் முதற்பாடம் இடம் தேர்வதில் தொடங்குகிறது. இரவில் மந்தை தங்கும் இடத்தைக் கத்தியர் 'கோட்' என்பர். ஆக்கள் நிற்கும் இடம் எனப் பொருள்படும் 'கோஷ்டம்' என்ற வடசொல்லின் மரூஉ அது. அதே பொருள் தரும் தமிழ்ச்சொல் 'ஆனிலை'. பாடல் பெற்ற தலமாகிய கருவூர் ஆனிலையில் இறைவனுக்குப் பசுபதீசுவரர் என்று திருநாமம். ஆநிரை நிற்கும் இடத்தில் ஆண்டவன் நிற்கிறான் என்ற எண்ணம், தெற்கிலும் வடக்கிலும் ஒன்றே.

புதர்களும் பாறை முழைஞ்சுகளும் நெருங்கிய இடத்தில் இடையர் கிடை மடக்குவதில்லை. பதுங்கி வரும் விலங்குக்கு மறைவு தராத திறந்தவெளியே ஏற்றது. பொழுது சாய்வதற்கு முன்பே மந்தையை அங்கே கொண்டுவந்து, ஆடுகள் ஒன்றோடொன்று உடல் உரசும்படி நெருக்கி மடக்குவர். குட்டிகளுக்கு நடுவிடம், அவற்றை அடுத்து நெருப்பு. இடையர்கள் அனைவரும் ஒரே இடத்தில் படுக்க மாட்டார்கள். மந்தையின் வெவ்வேறு பக்கங்களில் பிரிந்து படுப்பர். அவர்களுக்கும் வெளியே, இருட்டின் விளிம்பில், நாய்கள். நடுவில் குட்டி, அதைச் சுற்றித் தாய், அதைச் சுற்றி மனிதன், அதைச் சுற்றி நாய் என்று, கருவறையைச் சூழ்ந்த திருச்சுற்றுகள் போல அக்காவல் அமைகிறது.

இரவு முழுவதும் நெருப்பு அணையாதிருப்பது இரண்டாவது பாடம். மரம் வளராத உயரத்துக்குச் செல்லும்போது, விறகைக் கீழிருந்தே சுமந்து செல்ல வேண்டும். நெருப்பு குளிரைப் போக்குவதற்கு மட்டுமன்று. இங்கே மனிதன் விழித்திருக்கிறான் என்று காட்டுக்கு அறிவிக்கும் விளக்கும் அதுவே. இடையிடையே ஒருவர் எழுந்து உரத்துக் குரல் கொடுப்பதும், சீழ்க்கை அடிப்பதும், ஒரு கல்லை இருளில் உருட்டிவிடுவதும் அதே அறிவிப்பின் பகுதிகள்.

மூன்றாவது பாடம் மந்தையின் அமைப்பு. கத்தியரின் மந்தையில் செம்மறியும் வெள்ளாடும் கலந்தே இருக்கும். செம்மறி சாதுவானது; முன்னே செல்வதைப் பின்பற்றும். வெள்ளாடு துடிப்பானது, கரடுமுரடான பாறையிலும் வழி கண்டு முன்னே செல்லும், புதிய வாடையோ ஓசையோ எழுந்தால் சட்டெனத் தலை தூக்கிப் பார்க்கும். அதன் விழிப்பு செம்மறிக்கும் காவலாகிறது. மேய்ச்சல் நிலத்தில் தட்டையான பாறைகள்மேல் உப்பைத் தூவி ஆடுகளுக்கு நக்கக் கொடுப்பதும் வழக்கம். உப்பின் சுவை ஆடுகளை அந்த இடத்துக்கே திரும்ப அழைத்து வரும். சிதறிய ஆடுதான் முதலில் இரையாகும். ஆகவே மந்தை சிதறாமல் வைத்திருப்பதே பாதி காவல்.

நான்காவது பாடத்தை இடையரின் உடையே கற்பிக்கும். கத்தியர் அணியும் முழங்கால் அளவான கம்பளி அங்கிக்குச் 'சோலா' என்று பெயர். அதன்மேல் இடுப்பில், ஆட்டு உரோமத்தால் திரித்த 'டோரா' என்னும் நீண்ட கயிற்றைப் பல சுற்றுகளாக இறுக்கிக் கட்டுவர். கயிற்றுக்கு மேலே தளர்ந்து தொங்கும் அங்கியின் உட்புறம் ஒரு பெரிய பை போல் ஆகிவிடும். வழியில் பிறந்த குட்டியையும், நடக்க இயலாமல் பின்தங்கிய குட்டியையும் இடையர் அந்த மடியில் போட்டுக்கொண்டு நடப்பார். பின்தங்கும் குட்டிக்காகவே காத்திருக்கும் சிறுத்தைக்கு அதைவிடப் பெரிய ஏமாற்றம் வேறில்லை. அங்கியின் கழுத்தோரத்தில் ஓர் ஆட்டுக்குட்டியின் முகம் எட்டிப் பார்க்க, மலையேறும் கத்தியரின் தோற்றம் அந்த மலைநாட்டின் அடையாளமாகவே ஆகிவிட்டது.

கழுத்தில் இரும்பு, கண்ணில் கருணை

இத்தனை பாடங்களுக்கும் முடிவுரை நாய்தான். கத்தி நாய் என்றும் இமாலய மந்தை நாய் என்றும் அழைக்கப்படும் அவ்வினம், பருத்த தலையும், அடர்ந்த உரோமமும், பெரும்பாலும் கரிய நிறமும் உடையது. அதன் கழுத்தில் இடையர்கள் பூட்டும் பட்டை அழகுக்கானதன்று. சிறுத்தை எப்பொழுதும் குரல்வளையையே குறி வைத்துப் பாயும். வெளிப்புறமாக முட்கள் நீட்டிய இரும்புப் பட்டை, அந்த முதற்பாய்ச்சலில் நாயின் உயிரைக் காக்கிறது. முதல் கடி தவறினால் சிறுத்தை தயங்கும். அந்தத் தயக்கத்துக்குள் மற்ற நாய்களும் மனிதர்களும் சேர்ந்துவிடுவர். பகையைக் கொல்வதற்காக அன்றி, காப்பவனைக் காப்பதற்காகவே செய்யப்பட்ட கவசம் அது.

இந்நாய்கள் மந்தையினிடையே பிறந்து, ஆட்டுக்குட்டிகளோடு குட்டிகளாகவே வளர்கின்றன. ஆகையால் ஆடுகளை இரையாகவோ அயலாகவோ அவை எண்ணுவதில்லை. தம் கூட்டமாகவே கருதுகின்றன. இடையர் உண்ணும் சோள ரொட்டியும் மோருமே அவற்றுக்கும் உணவு. பகலில் சோம்பிக் கிடப்பது போல் தோன்றும். அந்தி சாய்ந்ததும் அவற்றின் அலுவல் தொடங்கிவிடும்.

2005ஆம் ஆண்டு இந்திய அஞ்சல் துறை நம் நாட்டு நாயினங்கள் நான்கின் படத்தோடு அஞ்சல்தலைகள் வெளியிட்டது. அவற்றுள் இமாலய மந்தை நாயும் ஒன்று. நம் இராஜபாளையம் மற்றொன்று. கர்னாலில் உள்ள தேசியக் கால்நடை மரபுவளப் பணியகம், இராஜபாளையம், சிப்பிப்பாறை முதலிய இனங்களைத் தொடர்ந்து, 2025ஆம் ஆண்டில் கத்தி நாயையும் தனி இனமாக அங்கீகரித்தது. எத்தனையோ நூற்றாண்டுகளாக இடையரின் அருகே பெயரின்றி உழைத்த ஓர் உயிருக்குக் காலந்தாழ்ந்தேனும் கிடைத்த மரியாதை அது.

நம் வேதமோ அந்த மரியாதையை என்றோ செய்துவிட்டது. ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் சரமை என்னும் தேவலோக நாயின் வரலாறு வருகிறது. பணிகள் என்போர் பசுக்களைக் கவர்ந்து மறைத்து வைத்தபோது, இந்திரனின் தூதாகச் சென்று அவற்றைக் கண்டறிந்தது சரமையே. பணிகள் உறவு கொண்டாடி ஆசை காட்டியும் அது மசியவில்லை. ஆலயங்களில் அன்றாடம் ஒலிக்கும் ஸ்ரீருத்ரத்தைச் செவிமடுக்கும் அன்பர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். பரமேசுவரனை எல்லா வடிவிலும் கண்டு வணங்கிச் செல்லும் அந்த மந்திரம், நாய்களையும் நாய்களை வளர்ப்போரையும் விட்டுவிடாமல் அவன் வடிவாகவே போற்றுகிறது. நீலகண்டனாகிய அவனை இடையர்களும் நீர் சுமக்கும் பெண்களும்கூடக் காண்கிறார்கள் என்றும் அது கூறுகிறது. கற்றோர் தேடிக் காண்பவனை, காடு மேட்டில் திரிவோர் எளிதில் கண்டுவிடுகிறார்கள் என்பது அதன் குறிப்பு.

எது குற்றம், எது குற்றமன்று?

எவ்வளவு விழிப்பாக இருந்தாலும் சில இரவுகளில் ஆடு போய்விடும். அப்போது இடையர் பொறுப்பாளியா? பிறர் பொருளை ஒப்புக்கொண்டு காப்பவர் அனைவரையும் தொடும் கேள்வி இது. நம் முன்னோர் இதற்கு விடை எழுதி வைத்திருக்கிறார்கள்.

மனு ஸ்மிருதியின் எட்டாம் அத்தியாயத்தில், மந்தை உரிமையாளருக்கும் இடையருக்கும் ஏற்படும் வழக்குகளைத் தீர்க்கும் பகுதி உள்ளது. ஆடுகளை ஓநாய்கள் சூழ்ந்துகொண்டபோது இடையன் ஓடிவந்து தடுக்காவிட்டால், கொல்லப்படும் ஒவ்வோர் ஆட்டுக்கும் அவனே பொறுப்பு. ஆனால் மந்தையை ஒழுங்காகச் சேர்த்து மேய்த்துக்கொண்டிருக்கையில், எதிர்பாராமல் ஓர் ஓநாய் பாய்ந்து ஒன்றைக் கொன்றுவிட்டால், அவன்மேல் குற்றமில்லை. ஆடோ மாடோ தானாக இறந்துபோனால் காது, தோல், வால் முதலியவற்றைக் கொண்டுவந்து உரிமையாளரிடம் காட்டிக் கணக்கை நேர் செய்ய வேண்டும் என்றும் அங்கே விதிக்கப்பட்டுள்ளது.

இவ்விதியின் நுட்பம் சிந்திக்கத்தக்கது. ஆடு இறந்ததா இல்லையா என்பதை அது முதலில் கேட்கவில்லை. காவலன் விழித்திருந்தானா, மந்தையைச் சேர்த்து வைத்திருந்தானா, ஆபத்தில் ஓடிவந்தானா என்றே கேட்கிறது. விளைவு நம் கையில் இல்லை. விழிப்பு நம் கையில் உள்ளது. கீதை கூறும் கர்மயோகத்தின் சாரமும் இதுவன்றோ?

கௌடில்யரின் அர்த்தசாஸ்திரமும் கால்நடைக் காவலைப் பற்றிப் பேசுகிறது. பாம்பும் கொடிய விலங்குகளும் அஞ்சி விலகவும், கால்நடை எங்கே மேய்கிறது என்று அறியவும், மிரளும் இயல்புள்ளவற்றின் கழுத்தில் மணி கட்ட வேண்டும் என்கிறது. ஆலயத்தில் பூஜை தொடங்குமுன், தீயவை அகலவும் தேவர்கள் வரவும் மணி ஒலிக்கிறோம். ஆட்டின் கழுத்து மணியும் அதே இரு பணிகளைத்தான் செய்கிறது: வேண்டாததை விலக்குகிறது, வேண்டியவனுக்கு இருப்பிடம் அறிவிக்கிறது.

ஓநாய் கண்ட ஆயர்பாடி

காவல் என்பது எப்போதும் எதிர்த்து நிற்பது மட்டுமன்று. விலகிச் செல்வதும் காவலே. இதை உணர்த்தும் நிகழ்ச்சி ஒன்று ஹரிவம்சத்தில் உண்டு; பாகவதம் மட்டும் படித்தவர்களுக்கு இது புதிதாக இருக்கலாம். ஆயர்கள் நெடுங்காலம் தங்கியதால் பழைய இடைச்சேரியில் புல்லும் விறகும் அருகிப்போயின. வேறிடம் செல்லும் காலம் வந்ததை உணர்ந்த கண்ணன், தன் உடலின் உரோமங்களிலிருந்து ஓநாய்க் கூட்டங்களைத் தோற்றுவித்தான். ஓநாய்களின் தொல்லை பொறுக்காத ஆயர்கள், வண்டி கட்டிக்கொண்டு ஆநிரையோடு பிருந்தாவனம் சென்று சேர்ந்தனர். அங்கே புல்லும் நீரும் நிறைந்திருந்தன.

அச்சம் தந்த ஓநாயும் அவனிடமிருந்தே வந்தது என்பதுதான் இக்கதையின் வியப்பு. கத்தியரின் நடைப்பயணத்திலும் இந்த அறிவு இருக்கிறது. ஒரே புல்வெளியில் நெடுநாள் தங்கினால் புல் அழியும். மந்தையின் வாடை கண்டு விலங்குகளும் பழகிவிடும். ஆகவே நகர்ந்துகொண்டே இருக்கின்றனர். காடு தங்களுக்கு மட்டும் உரியதன்று என்பதை அவர்கள் மறப்பதில்லை.

எல்லை அறிதல் என்னும் இந்தப் பண்பை மணிமகேசத்தின் கதையும் உணர்த்துகிறது. 5,653 மீட்டர் உயரமுள்ள அச்சிகரம் சிவபெருமானின் இருப்பிடம். அதன்மேல் யாரும் ஏறுவதில்லை. முன்னொரு காலத்தில் ஓர் இடையன் தன் மந்தையோடு சிகரத்தில் ஏற முயன்றபோது, ஆடுகளோடு கல்லாகிவிட்டான் என்றும், பெரிய சிகரத்தைச் சூழ்ந்துள்ள சிறு முடிகளே அவனும் அவன் ஆடுகளும் என்றும் அம்மலைநாட்டார் சொல்வர். எவ்வளவு அன்பு பூண்டாலும் இறைவனுக்கென்று ஓர் இடத்தை விட்டுவைக்க வேண்டும் என்று அந்தக் கற்கள் இன்றும் நினைவூட்டுகின்றன.

பசுபதி என்றால் உயிர்கள் அனைத்துக்கும் தலைவன் என்பது பொருள். நடராஜப் பெருமானையும் சோமாஸ்கந்தரையும் தரிசிக்கும் அன்பர்களுக்குத் தெரியும்: அவன் அரையில் புலித்தோல், சோமாஸ்கந்தர் திருக்கரத்தில் துள்ளும் மான். இரை தேடும் விலங்கும் இரையாகும் விலங்கும் அந்த ஒருவனிடமே அடைக்கலம் பெற்றுள்ளன. ஆட்டைப் படைத்தவனே சிறுத்தையையும் படைத்தான் என்பதை மறவாத இடையர், ஆட்டுக்காக விழித்திருப்பார். ஆனால் சிறுத்தையின் குலத்தையே அழிக்கப் புறப்பட மாட்டார். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இவ்விலங்குகளைக் கொல்வதைத் தடை செய்தது. நாயும் நெருப்பும் விழிப்புமே தம் படைக்கலம் என்று வாழ்ந்தோருக்கு அச்சட்டத்தின் பொருள் முன்பே தெரிந்திருந்தது.

அணையத் தொடங்கும் நெருப்பு

இத்தகைய காவல் இன்னும் எத்தனை காலம் நீடிக்கும் என்பதுதான் இன்றைய கவலை. படித்த இளைஞர்கள் ஆண்டு முழுவதும் மலையில் நடக்க விரும்புவதில்லை. அதில் தவறு காணவும் இயலாது. பனியிலும் மழையிலும் திறந்தவெளியில் உறங்கும் வாழ்க்கையைத் தம் மக்களுக்குப் பெற்றோரே விரும்புவதில்லை. குளிர்கால மேய்ச்சல் நிலங்கள் சுருங்கிவிட்டன. உண்ணிச்செடி படர்ந்து புல்லை மூடிவிட்டது. வழிகளில் சாலைகளும் வாகனங்களும் பெருகிவிட்டன. காட்டு விலங்கால் இறக்கும் கால்நடைக்கு அரசு இழப்பீடு வழங்குகிறது. எனினும் ஊரிலிருந்து பல நாள் நடைத் தொலைவில், பனி மலையின் உச்சியில் இருப்பவருக்குச் சான்றுகளைச் சேர்த்து, உரிய அலுவலரிடம் காட்டி அதைப் பெறுவது எளிதன்று. அன்று காதையும் தோலையும் காட்டச் சொன்ன விதியின் புதிய வடிவமே இது.

ஆள் குறைந்தால் மந்தையைச் சுற்றிப் படுப்போர் குறைவர். விழித்திருப்போர் குறைந்தால் சிறுத்தை துணிவு பெறும். இழப்பு மிகுந்தால், எஞ்சியவர்களும் ஆட்டை விற்றுவிட்டு மலையிறங்கிவிடுவர். ஆடு போனால் நாய்க்கு வேலை இல்லை. காவல் அறுந்துபோவதற்குச் சிறுத்தை காரணமாக இருக்கத் தேவையில்லை. விழித்திருக்க ஆள் இல்லாமை ஒன்றே போதும்.

நம் தென்மாவட்டங்களில் கிடை போட்டு வாழும் இடையர்களுக்கும் இது பொருந்தும். அறுவடை முடிந்த வயலில் ஆட்டுக்கிடை மடக்கி, உரமேற்றித் தந்த கீதாரிகள் இன்று அருகி வருகின்றனர். வயலோரத்தில் கிடை கண்டால், அங்கே ஓர் இரவு முழுவதும் ஒருவர் கண்விழிக்கிறார் என்பதை நினைத்து ஒரு கணம் நின்று வணங்கலாம்.

யாத்திரை செல்வோர் கவனத்துக்கு

மணிமகேச யாத்திரை ஆண்டுதோறும் கோகுலாஷ்டமியில் தொடங்கி ராதாஷ்டமியில் நிறைவுறும். பதான்கோட் வரை இரயிலில் சென்று, அங்கிருந்து சாலை வழியாகச் சம்பாவையும் பர்மௌரையும் அடையலாம். ஹட்சர் என்னும் ஊர் வரை வாகனம் செல்லும். அதற்குமேல் 13 கிலோமீட்டர் மலை ஏறினால், ஏறத்தாழ 4,080 மீட்டர் உயரத்தில் உள்ள மணிமகேச ஏரியைத் தரிசிக்கலாம். யாத்திரைக் காலத்தில் பர்மௌரிலிருந்து கௌரிகுண்டம் வரை ஹெலிகாப்டர் வசதியும் உண்டு. எனினும் காற்றில் பிராணவாயு குறைவான உயரம் என்பதால், இதய நோயும் மூச்சிரைப்பும் உள்ள முதியோர் மருத்துவரைக் கேட்காமல் மேலே செல்லலாகாது. சௌராசி ஆலயங்களைப் பர்மௌரிலேயே மனநிறைவோடு தரிசிக்கலாம்.

வழியில் மந்தை எதிர்ப்பட்டால், மலையின் உட்புறமாக ஒதுங்கி நின்று வழிவிட வேண்டும். மந்தை நாயைத் தடவவோ, உணவு காட்டி அழைக்கவோ கூடாது. அது அலுவலில் இருக்கிறது. அயலாரை மந்தைக்கு அருகே விடாமலிருப்பதே அதற்குக் கற்பிக்கப்பட்ட தர்மம்.

மழநாட்டு மங்கலவூரில் பசு மேய்த்த ஆனாய நாயனார், பூத்த கொன்றை மரத்தைச் சிவமாகவே கண்டு உருகி, திருவைந்தெழுத்தைக் குழலில் இசைத்தார். அப்போது சிங்கமும் யானையும், புலியும் மானும் பகை மறந்து அருகருகே நின்றன என்று சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் காட்டுகிறார். அந்தக் குழல் எல்லோர்க்கும் வாய்ப்பதில்லை. குழல் வாய்க்காத இடையருக்கு இறைவன் கொடுத்தது ஒரு நாயும், ஒரு நெருப்பும், உறங்காத கண்களுமே. அவற்றைக் கொண்டு தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட உயிர்களைப் பொழுது விடியும்வரை காத்துக் கொடுப்பதே அவர் செய்யும் அர்த்தஜாம பூஜை.

அடுத்த முறை பைரவர் சந்நிதியில் நிற்கும்போது, சுவாமியின் திருமுகத்தைத் தரிசித்த பின், அருகில் நிற்கும் அந்த வாகனத்தையும் சற்று நோக்கலாம். பனிமலையில் நெருப்பின் அருகே, கழுத்தில் இரும்புப் பட்டையோடு இருளை உற்று நோக்கியிருக்கும் மற்றொரு காவலன் நினைவுக்கு வரக்கூடும்.